ஆலம்பரைக் கோட்டைக்கு வேலூரிலிருந்து ஒரு நாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோரக் கோட்டை என்றதும் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து ஆட்களுக்குத் தரங்கம்பாடிதான் நினைவுக்கு வருகிறது. அதைவிட மிகக் கிட்டத்தில், காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் தொலைவில், ஆலம்பரை இருக்கிறது. ஆற்காட்டு நவாபின் கோட்டை அது. அது நிற்கும் மண்ணிலிருந்து வந்த புலவர் ஒருவர் பத்துப்பாட்டில் ஒரு பாட்டைப் பாடியிருக்கிறார். உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆலம்பரை எங்கே இருக்கிறது?

செங்கல்பட்டு மாவட்டம், செய்யூர் வட்டம், இடைக்கழிநாடு பகுதியில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கடப்பாக்கம் என்ற ஊர் வரும். அங்கிருந்து கடல் பக்கம் திரும்பி இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் கோட்டை. தெற்கே கொஞ்ச தூரத்தில் மரக்காணம். கடப்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

வேலூரிலிருந்து எப்படிப் போவது?

சொந்த வண்டி என்றால் ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி வழி. வந்தவாசியிலிருந்து இரண்டு வழி பிரியும். ஒன்று மேல்மருவத்தூர் பக்கம் போய், தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து, செய்யூர் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பது. இன்னொன்று திண்டிவனம், மரக்காணம் என்று சுற்றி வருவது. முதல் வழியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இரண்டாவது கொஞ்சம் கூடுதல். டீக்கு நிறுத்துவதையும் சேர்த்து நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது செய்யூர் வழி, திரும்பும்போது திண்டிவனம் வழி என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். காரணம் கீழே வருகிறது.

பேருந்தில் என்றால் வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போய், அங்கே மரக்காணம் பேருந்து ஏறி, மரக்காணத்தில் சென்னை போகும் வண்டியைப் பிடித்துக் கடப்பாக்கத்தில் இறங்கலாம். எல்லா வண்டியும் கடப்பாக்கத்தில் நிற்காது; ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கியபின் ஆட்டோ. திரும்பி வரவும் அதே ஆட்டோக்காரரிடம் நேரம் சொல்லி வைப்பது நல்லது, கோட்டையடியில் வண்டி காத்திருக்காது.

வேலூர்க் கோட்டையைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டு போக வேண்டும். நம்முடையது கருங்கல் கோட்டை. அகழியில் தண்ணீர், உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், மசூதி, தேவாலயம், அலுவலகங்கள் என்று இன்றும் ஆள் நடமாட்டத்தோடு இருக்கிறது. ஆலம்பரையில் நிற்பது இடிந்த செங்கல் மதில்களும் கொத்தளங்களின் மிச்சமும்தான். பரப்பு ஏறத்தாழ 15 ஏக்கர். மதிலுக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி, அதற்கப்பால் ஒரு மணல் திட்டு, அதற்கப்பால் வங்கக் கடல்.

ஆனால் இடிந்த சுவரில் ஒரு வசதி உண்டு. முழுச் சுவரில் பூச்சு மட்டும்தான் தெரியும். இங்கே சுவரின் குறுக்கு வெட்டே கண்ணுக்கு நேராக இருக்கிறது. பெயர்ந்து நிற்கும் ஒரு மதில் துண்டின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இன்றைய செங்கல்லைவிடத் தட்டையான கல், நடுவே கனமான சுண்ணாம்புச் சாந்து. கடற்கரையில் கருங்கல்லுக்கு எங்கே போவது? மண்ணைச் சுட்டார்கள், சுண்ணாம்பு அரைத்தார்கள், கட்டினார்கள்.

சுவரின் கீழ்ப்பகுதியில் கல் மாவாய் உதிர்ந்து, சாந்து மட்டும் வரப்பு வரப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம். உப்புத் தண்ணீரைச் செங்கல் உறிஞ்சிக்கொள்கிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு உள்ளேயே படிகமாகத் தங்கும். படிகம் பெருக்கப் பெருக்கக் கல்லின் மேல்தோல் பொருபொருத்து விழுகிறது. பீரங்கி ஒரு தடவை இடித்தது, உப்பு இன்னும் இடித்துக்கொண்டே இருக்கிறது. 2004 சுனாமியும் தன் பங்குக்குச் சேதம் செய்தது.

இந்தக் கோட்டைக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. ஆலம்பரையின் கதையில் பாதி நடந்தது பழைய வடஆற்காடு மாவட்டத்து மண்ணில்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் வெறும் செங்கல்லைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

1735 வாக்கில் ஆலம்பரை ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் ஆளுகையில் இருந்தது. உள்நாட்டில், பாலாற்றங்கரையில் இருந்த ஆற்காட்டு அரசுக்குக் கடல் வாணிகத்துக்கு ஒரு வாசல் வேண்டியிருந்தது. ஆலம்பரை அப்படி ஒரு வாசல். சரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் இங்கிருந்து கப்பலேறின. கடலுக்குள் நீண்ட ஒரு துறைமேடையும் இருந்தது, 100 மீட்டர் நீளம் என்பார்கள்.

1740இல் மராட்டியப் படை வந்தது. தாமலசெருவுக் கணவாயில் நடந்த சண்டையில் தோஸ்த் அலி இறந்தார். அந்த இடம் சித்தூர் பக்கம். சித்தூர்தான் 1911 வரை வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலி நவாப் ஆனார். இரண்டே ஆண்டில், 1742இல், அவர் கொல்லப்பட்டார். எங்கே? வேலூரில். கொல்லச் செய்தவர் அவருடைய நெருங்கிய சொந்தக்காரரும் வேலூர்க் கோட்டையின் கில்லேதாருமான (கோட்டைத் தலைவர்) முர்தசா அலி.

அப்புறம் ஆற்காட்டு நவாப் பதவி அன்வருதீனிடம் போனது. ஐதராபாத் நிஜாம் குடும்பத்து முசாபர் ஜங்கும், தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபும், புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். 1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூரில் போர். எழுபது வயது தாண்டிய அன்வருதீன் யானை மேலிருந்து போரிட்டு அங்கேயே செத்தார். சென்னை நெடுஞ்சாலையில் நாம் பிரியாணிக்கு வண்டியை நிறுத்தும் அதே ஆம்பூர்தான்.

அந்த உதவிக்கெல்லாம் கைம்மாறாகத்தான் 1750இல் முசாபர் ஜங் ஆலம்பரையைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். புதுச்சேரியில் அப்போது ஆளுநராக இருந்தவர் டூப்ளே. ஆம்பூரில் ஜெயித்ததற்குக் கடப்பாக்கத்தில் கோட்டை! வேலூர்க்காரர்கள் ஆலம்பரை மதிலைத் தொடும்போது இந்தத் தொடர்பு நினைவில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வழிகாட்டிப் பலகையில் 'நவாப்' என்று ஒரு சொல்லில் முடிந்துபோகிற ஆள், நம் தெருக்களில் நடமாடிய ஆள்.

கோட்டையை இடித்தது யார்?

ஆங்கிலேயர்கள், 1760இல். அந்த ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசியில் அயர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையைத் தோற்கடித்தது. அதன்பிறகு பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆற்காடு போனது, பெருமுக்கல் போனது, ஆலம்பரையும் போனது. மறுபடியும் எதிரி கைக்குப் போய்விடக்கூடாது என்று கோட்டையை உடைத்துப் போட்டார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரியே சரணடைந்தது.

வந்தவாசி 1989 வரை வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. எடுத்ததும் கொடுத்ததும் இழந்ததும் எல்லாமே நம் பக்கத்துக் களங்களில் முடிவான கோட்டை இது.

இலக்கியத் தொடர்பு என்கிறீர்களே, அது என்ன?

பத்துப்பாட்டில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. 269 அடி. பாடியவர் பெயரே 'இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்'. அந்த இடைக்கழிநாடு கடப்பாக்கமும் ஆலம்பரையும் சேர்ந்த இதே பகுதிதான்; இன்றும் பேரூராட்சிக்கு அதுவே பெயர். இவ்வளவு பழைய ஒரு நாட்டுப் பெயர் இன்றைய அரசு ரசீதிலும் அச்சாகி வருகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு.

பாட்டின் கதை எளிது. பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வழியில் வறுமையில் வாடும் இன்னொரு பாணனைப் பார்க்கிறான். ஓய்மாநாட்டை ஆளும் நல்லியக்கோடனிடம் போ, இன்னின்ன ஊர் வழியாகப் போ, அங்கங்கே இன்னின்ன சாப்பாடு கிடைக்கும் என்று வழி சொல்கிறான். கடையெழு வள்ளல்கள் எழுவரையும் ஒருசேரப் பாடுவதும் இந்தப் பாட்டுதான். மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் முல்லைக்குத் தேர் தந்த பாரியும் இதில் அடுத்தடுத்து வருகிறார்கள்.

ஓய்மாநாடு என்பது திண்டிவனம் சுற்றுவட்டாரம். பாணன் சொல்லும் ஊர்கள் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கடைசியில் அரசன் ஊரான கிடங்கில். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இருக்கும் அதே பெயர் ஊர் என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆலம்பரையிலிருந்து மரக்காணம் வந்து திண்டிவனம் போகும் சாலை ஏறத்தாழ அந்தப் பாணன் நடந்த வழி. திரும்பும்போது அந்த வழியாக வாருங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பாட்டில் வரும் மதில் இந்தக் கோட்டை மதிலா?

இல்லை. தயவுசெய்து பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். நத்தத்தனார் பட்டினத்தை 'மதிலொடு பெயரிய' ஊர் என்கிறார், அதைக் கேட்டதும் இடிந்த மதிலைக் காட்டிவிடத் தோன்றும். பாட்டுக்கும் கோட்டைக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குக் குறையாத இடைவெளி. இரண்டுக்கும் பொதுவானவை அந்தக் கரையும் கழியும் உப்பும் மீன்பிடிப்பும். அதுவே போதுமான சொந்தம்.

பாட்டில் வரும் வேலூர் நம் வேலூர்தானா?

கேட்காத ஆள் இல்லை! பெயரைக் கேட்டதும் நமக்கெல்லாம் ஒரு துள்ளல். ஆனால் அது நம்முடையது அல்ல. 'விறல்வேல் வென்றி வேலூர்' என்று பாட்டு சொல்லும் ஊரை மரக்காணத்துக்கு அருகிலுள்ள உப்புவேலூர் என்பார்கள். நல்லியக்கோடன் பகைவருக்கு அஞ்சி முருகனை வேண்ட, கேணியில் பூத்த பூ வேலாக மாறி வெற்றி தந்தது என்று உரையில் ஒரு கதை உண்டு.

நமக்கென்று பத்துப்பாட்டில் வேறொரு பாட்டு இருக்கிறது. மலைபடுகடாம் செங்கத்து நன்னனைப் பாடியது. ஜவ்வாது மலைச் சாரலும் சேயாறும் அதில் வரும். செங்கமும் பழைய வடஆற்காடுதான். மலை வழிக்கு அது, கடல் வழிக்குச் சிறுபாண் என்று இரண்டையும் வைத்து இரண்டு பயணம் போகலாம்.

அங்கே போய் எந்த வரிகளைப் படிப்பது?

முழுப் பாட்டையும் வீட்டிலேயே ஒருமுறை உரையோடு படித்துவிடுங்கள். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். இன்று எளிய உரைகளும் பல கிடைக்கின்றன, இணையத்தில் மூலமும் இருக்கிறது. கோட்டையில் உட்கார்ந்து படிக்க 146ஆம் அடியிலிருந்து ஒரு பதினெட்டு அடி போதும். தொடக்கம் இப்படி:

அலைநீர்த் தாழை அன்னம் பூப்பவும்
தலைநாள் செருந்தி தமனியம் மருட்டவும்

தாழம்பூ அன்னம் போலப் பூத்திருக்கிறது, செருந்தி பொன்னோ என்று மயங்க வைக்கிறது. அடுத்த அடிகளில் முண்டகம் வரும், முத்தை வைத்தாற்போல் மொட்டு விடும் புன்னை வரும். இந்தப் பக்கத்துக் கடற்கரையில் தாழையையும் புன்னையையும் இன்றும் பார்க்கலாம். ஊர்க்காரர் யாரையாவது கேட்டுப் புன்னையைக் காட்டச் சொல்லுங்கள். மொட்டைக் கையில் வைத்துப் பார்த்தபின் அந்த அடிக்கு உரை தேவைப்படாது.

கொஞ்சம் தள்ளி எனக்கு மிகவும் பிடித்த அடிகள்:

ஓங்குநிலை ஒட்டகம் துயில்மடிந் தன்ன
வீங்குதிரை கொணர்ந்த விரைமர விறகின்

பெரிய அலை எங்கிருந்தோ மணமுள்ள மரக்கட்டைகளைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. அவை ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோல் கிடக்கின்றன. அந்த விறகை எரித்து நுளையர் என்ற மீனவர் வீட்டுப் பெண் காய்ச்சிய தேறலை, அதாவது கள்ளின் தெளிவைப் பரதவர் கொண்டுவந்து கொடுப்பார்கள், சுட்ட குழல்மீன் கருவாடும் கிடைக்கும் என்று பாணன் சொல்கிறான். மரத்துக்குப் போய் ஒட்டகத்தை நினைக்க வேண்டுமென்றால், புலவர் ஒட்டகம் படுத்திருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். தமிழ்க் கடற்கரைக்கு ஒட்டகம் எப்படி வந்தது என்ற ஒரு கேள்வியை மட்டும் கிளப்பிவிட்டால் போதும், பிள்ளைகள் சிறிது நேரத்துக்குப் போனைத் தொட மாட்டார்கள்.

இன்னொரு பகுதியை மரக்காணத்து உப்பளங்களின் ஓரம் வண்டியை நிறுத்திப் படிக்கச் சொல்வேன். 130ஆம் அடியைச் சுற்றி வரும். பாணன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். அடுப்படியில் அண்மையில் குட்டி போட்ட நாய். கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, வலி பொறுக்காமல் அது குரைக்கிறது. வீட்டுக்காரி குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாரும் பார்த்துவிடுவார்களோ என்று வாசல் கதவைச் சாத்திவிட்டு எல்லோருமாகப் பங்கிட்டுத் தின்கிறார்கள். உப்பு விளையும் நாட்டை அடுத்து வாழ்ந்தும் கீரைக்குப் போட உப்பில்லை. பாத்தியில் வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே அந்த 'உப்பிலி வெந்ததை' என்ற சொல்லைப் படித்தால் நெஞ்சு அடைக்கும். உப்பளத்தில் வெயிலில் நிற்கும் தொழிலாளிகளையும் அப்போது பார்ப்பீர்கள். அவர்களை உங்கள் படத்துக்குப் பின்னணியாக்காதீர்கள். பேசுங்கள், விருப்பமிருந்தால் அவர்களே தொழிலைப் பற்றிச் சொல்வார்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் ஆலம்பரை வருமாமே?

வரும். பிள்ளை டூப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736 செப்டம்பரிலிருந்து 1761இல் இறக்கும் வரை எழுதியவர். புதுச்சேரி சரணடைவதற்குச் சில நாள் முன்பு கண்ணை மூடினார். ஆலம்பரையில் நவாபின் நாணயச்சாலை ஒன்று இருந்தது. 1736இல்தான் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களும் ரூபாய் அச்சடிக்கத் தோஸ்த் அலியிடம் அனுமதி வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பணப் பேச்சில் ஆலம்பரைக்கு ஓர் இடம் உண்டு.

நாட்குறிப்பு அன்றாடப் பேச்சுத் தமிழில், வணிகர் கணக்கு நடையில் இருக்கும். முதல் சில பக்கங்கள் தடுமாற வைக்கும், பிறகு பழகிவிடும். நத்தத்தனாரின் ஆசிரியப்பாவும் இந்தக் கடைத்தெருத் தமிழும் ஒரே கரையைத் தொட்டுப் போகின்றன. அந்த அளவுக்கு வாய்த்த இடங்கள் தமிழ்நாட்டிலேயே குறைவு.

அகழாய்வு ஏதாவது நடந்திருக்கிறதா?

மாநிலத் தொல்லியல் துறை 2011-12இல் நடத்தியது.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, கழிமுகத்தில் பறவைகளும் இருக்கும். அக்டோபர், நவம்பரில் புயல் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல், மே வேண்டாம். வேலூர் வெயிலில் பழகியவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். நம் வெயில் வறண்ட வெயில். அங்கே வியர்வை காயாது, நிற்க நிழலும் கிடையாது.

அதிகாலை நாலரை மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் கோட்டையில் இருக்கலாம். பதினொன்றரைக்கு மேல் மதில் பக்கம் நிற்க முடியாது. இல்லாவிட்டால் மரக்காணத்தை முதலில் பார்த்துவிட்டு மாலை நாலுக்குக் கோட்டைக்கு வாருங்கள், ஆனால் இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். விளக்கு வசதியை எதிர்பார்க்க முடியாது.

சாப்பாடு?

கட்டிக்கொண்டு போங்கள். கோட்டைக்குள் கடையையோ கழிப்பறையையோ நம்பிப் போகாதீர்கள். அந்த வேலையெல்லாம் கடப்பாக்கத்தில் சாலையோரத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

புளிசோறு கட்டினால் கெடாது, பாட்டுக்கும் பொருத்தம். சிறுபாணில் வேலூர் எயிற்றியர், அதாவது வேட்டுவப் பெண்கள், பாணனுக்குக் கொடுப்பது 'இன்புளி வெஞ்சோறு', புளி போட்டு ஆக்கிய சோறு. ஆமூரில் உலக்கையால் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கறியும். நண்டு வேண்டுமென்றால் கடற்கரைச் சாலையோர உணவகங்களில் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு வலையில் வந்தால் உண்டு. ஆம்பூர் பிரியாணியை மட்டும் விடியற்காலையில் கட்டி மதியம் திறக்காதீர்கள். அந்த வெக்கையில் நிச்சயம் வயிற்றைக் கெடுக்கும்.

படகில் போகலாமா? கடலில் குளிக்கலாமா?

உப்பங்கழியைத் தாண்டி மணல் திட்டுக்கு மீனவர்கள் படகில் கூட்டிப் போவதுண்டு. கூலியை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அது அவர்கள் தொழில் நேரத்தில் நமக்காக எடுத்து வைக்கும் பொழுது, ரொம்பவும் பேரம் பேச வேண்டாம். மிதவைச் சட்டை இல்லாத படகில் குழந்தைகளை ஏற்றாதீர்கள். இதில் நான் கறார்.

கடலில் இறங்க வேண்டாம் என்பதே என் பதில். கழி கடலோடு சேரும் இடத்தில் இழுவை எந்தப் பக்கம் என்று கரையிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பாலாற்றிலும் கிணற்றிலும் நீந்தப் பழகியது அங்கே உதவாது.

வயதானவர்கள், சிறு குழந்தைகள் வரலாமா?

வரலாம். மலையேற்றம் எதுவும் இல்லை. மணலும் உடைந்த கல்லும் முள்ளும் இருக்கும், அதனால் செருப்பைவிட ஷூ நல்லது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போனால் கழியோரம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

மதில் மேல் ஏறிப் படம் எடுக்கலாமா?

கூடாது. சாந்து விட்டுப்போன செங்கல் அடுக்கு, மேலே ஒரு கால் வைத்தாலே நழுவும். விழுந்தால் அடிபடும் என்பது ஒன்று. போன செங்கல் திரும்பி வராது என்பது இன்னொன்று. சுவரில் பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. கூட வரும் இளைஞர்களிடம் வண்டியிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் காதில் விழாது. பழங்காசு கிடக்கும் என்று மணலைக் கிளறுவதும் வேண்டாம். உடைந்த பானை ஓடு கண்ணில் பட்டால்கூட இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் ஆய்வாளருக்கு அந்த ஓடு பேசாது.

அதே நாளில் வேறு எதைப் பார்க்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ள முடியாது. மரக்காணத்தில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள பூமீசுவரர் கோயில், பக்கத்திலேயே உப்பளங்கள். குளிர்காலம் என்றால் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரியையும் சேர்த்துக்கொள்ளலாம், பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள். இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. வேலூரை ஒட்டி ஓடும் பாலாறு கடலில் கலப்பதும் அந்தப் பக்கம்தான். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், அவசரமாகப் பார்க்கும் இடம் அல்ல.

திரும்பும்போது எங்கே நிறுத்துவது?

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வரும் வழியில் பெருமுக்கல் குன்று தெரியும். 1760இல் ஆலம்பரைக்கு முன்பு விழுந்த கோட்டை அங்கேதான் இருந்தது. ஏற நேரம் இருக்காது, சாலையிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் கிடங்கில் பகுதிக்கு ஒரு அரை மணி கொடுங்கள், பாணன் போய்ச் சேர்ந்த ஊர் அது. பிறகு வந்தவாசி. பாய்க்கும் கோரைக்கும் பெயர் பெற்ற ஊர் என்பதால் வீட்டில் கோரைப்பாய் கேட்டிருந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கடைகள் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆகவே மரக்காணத்தை மாலை நாலரைக்கு விட்டுவிடுங்கள். செய்யாறு தாண்டியபின் சாலையில் கரும்பு டிராக்டர்கள் விளக்கில்லாமல் வரும், ஓட்டுகிறவரை ஒரு டீக்காவது நிறுத்தச் சொல்லுங்கள்.